படகின் விலை வேறு, அடக்கவிலை வேறு!
பழைய மோட்டார் படகு வாங்கி 300 கிலோமீட்டர் கொண்டுவந்த அனுபவம்

சரக்கு எதுவானாலும், கொள்முதல் விலையோடு வண்டி வாடகை, ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் கூட்டி அடக்கவிலை கண்ட பிறகே விற்பனை விலை போடுகிறோம். கடையில் உட்கார்ந்தால் இந்தக் கணக்கு நமக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கடைக்கு வெளியே வேறொரு பொருள் வாங்கப் போனால், அதே கணக்கை எப்படியோ மறந்துவிடுகிறோம். நாங்களும் மறந்தோம். அதனால் பட்டதை நம் சங்க அன்பர்களோடு பகிர்ந்து கொள்ளவே இந்தக் கட்டுரை.

வேதாரண்யம் வட்டாரத்தில் கருவாட்டு மொத்த வியாபாரம் செய்யும் கூட்டு வணிகர்கள் நாங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்தபோது, எங்களுக்குப் பல ஆண்டுகளாகச் சரக்குப் போட்டுவந்த மீனவ நண்பர் ஒருவரின் பைபர் படகு இரண்டாக உடைந்தது. பருவமோ நடுவில். படகில்லாமல் அவர் வீட்டில் அடுப்பெரியாது. எங்கள் கிடங்குக்கும் சரக்கு வராது. பாதிப் பணம் அவருடையது, பாதி எங்களுடையது, எங்கள் பங்கைத் தவணையாகத் திருப்பித் தருவது என்று பேசி, பழைய படகு ஒன்று தேடப் புறப்பட்டோம்.

இரண்டு படகுகள், இரண்டு விலைகள்

பக்கத்துக் கிராமத்திலேயே ஒரு படகு இருந்தது. எஞ்சினோடு சேர்த்து 1,60,000 ரூபாய் கேட்டார்கள். புயலுக்குப் பிறகு படகுகளுக்கு ஏற்பட்ட கிராக்கி அது. தூத்துக்குடிப் பக்கம் அதே அளவுப் படகு 1,35,000 ரூபாய்க்கு வருவதாகத் தகவல் கிடைத்தது. 25,000 ரூபாய் மிச்சம் என்று எங்கள் மனம் கணக்குப் போட்டது. நண்பர் மட்டும் ஒரு வார்த்தை சொன்னார்: "மொதலாளி, வெல கொறச்சதான். ஆனா அது அங்க கெடக்கு, நம்ம கடல் இங்க கெடக்கு."

அந்த வார்த்தைக்குள் இருந்த கணக்கை நாங்கள் அப்போது பார்க்கவில்லை. 2019 ஜனவரியில் போய், படகைப் பார்த்து, அன்றைக்கே 25,000 ரூபாய் அச்சாரம் கொடுத்துவிட்டோம்.

படகைப் பார்ப்பது எப்படி?

படகைப் பார்ப்பதில் நண்பர் கெட்டிக்காரர். அவர் செய்ததை வரிசையாகத் தருகிறோம்.

முதலில் உடல். திருப்புளியின் மரக் கைப்பிடியால் படகின் அடியையும் பக்கங்களையும் அடிக்கு ஒரு தட்டு தட்டிக்கொண்டே போனார். 'டக் டக்' என்று கெட்டியாகக் கேட்டால் நல்லது. 'பொத்' என்று மந்தமாகக் கேட்டால் பைபர் அடுக்குகள் பிரிந்திருக்கலாம், அல்லது உள்ளே மரம் ஊறியிருக்கலாம். ஒரே ஓர் இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் பளபளத்தால் அங்கே இரண்டு தட்டு கூடுதலாகத் தட்ட வேண்டும்.

இரண்டாவது, அமரம் என்று மீனவர்கள் சொல்லும் பின்பக்கம். எஞ்சின் தொங்குவது அங்குள்ள பின்பலகையில்தான். பைபருக்கு உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை வைத்திருப்பார்கள். ஆணி ஓட்டை வழியே தண்ணீர் புகுந்தால், வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே உளுத்துப்போகும். எஞ்சினின் காலைப் பிடித்து மேலும் கீழும் அழுத்திப் பார்த்தால், பலகை அசைகிறதா என்று தெரிந்துவிடும்.

மூன்றாவது எஞ்சின். போனதும் மூடியைத் தொட்டுப் பார்க்க வேண்டும். சூடாக இருந்தால், நாம் வருமுன்னே ஓட்டிப் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். குளிர்ந்த எஞ்சின் எத்தனை இழுப்பில் கிளம்புகிறது என்பதே உண்மையான சோதனை. கரையில் ஓட்டும்போது காலைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கித்தான் ஓட்ட வேண்டும். வெறுமனே ஓட்டினால், தண்ணீர் இறைக்கும் ரப்பர் சக்கரம் சில நொடிகளிலேயே கருக ஆரம்பிக்கும். ஓடும்போது பின்னால் உள்ள சிறு துளையிலிருந்து தண்ணீர் நேராகப் பீச்ச வேண்டும். சொட்டினால் குளிர்விக்கும் பாதையில் அடைப்பு.

நான்காவது கியர் ஆயில். கீழே உள்ள திருகைக் கழற்றிச் சில சொட்டு எடுத்துப் பார்த்தால் போதும். ஆயில் பால் கலந்த டீ போல இருந்தால், சீல் போய் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது. பெரும்பாலும் இதற்குக் காரணம், விசிறித் தண்டில் சுற்றிக்கொண்ட நைலான் தங்கூசி. நாங்கள் பார்த்த எஞ்சினில் இந்தக் குறை இருந்தது. அதைக் காட்டி விலை குறைத்திருக்கலாம். ஆனால் அச்சாரம் கொடுத்த பிறகல்லவா திருகைக் கழற்றினோம்!

காகிதம் பேசட்டும்

எஞ்சின் எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றா என்று பார்த்தோம், சரியாக இருந்தது. ஆனால் படகின் பதிவு, விற்பவரின் காலமான தகப்பனார் பெயரிலேயே இருந்தது. கடலில் தொழில் செய்யும் படகை, 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி மீன்வளத் துறையில் பதிந்திருக்க வேண்டும். பெயர் மாறாத படகுக்கு மானிய எரிபொருளும் கிடைக்காது, நாளை ஒரு புயல் அடித்தால் நிவாரணமும் கிடைக்காது.

விற்பவர் நல்ல மனிதர். வாரிசுச் சான்றும் உடன்பிறந்தவர்களின் சம்மதக் கடிதமும் வாங்கித் தந்தார். ஆனால் அதற்குப் பன்னிரண்டு நாட்கள் ஆயின. பெயர் மாற்றம் முடியும்வரை 10,000 ரூபாயை நிறுத்தி வைத்துக்கொள்ள அவர் ஒப்புக்கொண்டார். அன்று நாங்கள் செய்த ஒரே புத்திசாலித்தனம் இதுதான்.

எப்படிக் கொண்டுவருவது?

பணம் கொடுத்தாயிற்று. இனி படகு வீடு வர வேண்டும். மூன்று வழிகளை யோசித்தோம்.

கடல் வழியே ஓட்டி வருவது முதல் வழி. செலவு குறைவு போலத் தோன்றும். ஆனால் மன்னார் வளைகுடாவைக் கடந்து, பாம்பன் வழியே பாக் நீரிணைக்குள் நுழைந்து, கோடியக்கரையைச் சுற்றி வர வேண்டும். 1974, 1976 ஒப்பந்தங்களின்படி வகுத்த இந்திய–இலங்கைக் கடல் எல்லை அங்கே பக்கத்திலேயே இருக்கிறது. சீல் போன எஞ்சின் நடுவழியில் நின்று, படகு அந்தப் பக்கம் ஒதுங்கினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. நண்பர் ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார்.

ட்ரெய்லரில் ஏற்றி ஜீப்பில் இழுத்து வருவது இரண்டாவது வழி. வெளிநாடுகளில் இதுதான் வழக்கம். ஆனால் இதற்கென்று செய்த ட்ரெய்லர் வேண்டும். அதற்குத் தனிப் பதிவு, பிரேக் விளக்கு, எண் பலகை எல்லாம் உண்டு. இழுக்கும் வண்டிக்கும் அந்தப் பாரத்தை இழுக்கும் தகுதி இருக்க வேண்டும். எடையை வைப்பதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. மொத்த எடையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு இணைப்புக் கொக்கியின் மேல் அழுந்த வேண்டும். எடை சக்கரத்துக்குப் பின்னால் சாய்ந்தால், வேகமெடுத்ததும் ட்ரெய்லர் பாம்பு போல நெளியத் தொடங்கி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துப் புரட்டிவிடும். கடல் தண்ணீரில் இறக்கி எடுத்த ட்ரெய்லரின் சக்கரப் பேரிங்கைக் கழுவிக் கிரீஸ் வைக்காவிட்டால், அடுத்த பயணத்தில் அது இறுகிப்போகும்.

நம்மூரில் கிடைப்பது டிராக்டர் ட்ரெய்லர். கரையிலிருந்து ரோடு வரை இழுக்க அது போதும். 300 கிலோமீட்டருக்கு ஆகாது.

ஆகவே மூன்றாவது வழியான லாரிதான் முடிவாயிற்று.

லாரியில் பட்ட பாடு

"இருபதடிப் படகு" என்று விற்பவர் சொன்னதை நம்பி, 17 அடி பாடி உள்ள லாரியைப் பேசினோம். கொஞ்சம் பின்னால் நீட்டிக்கொண்டிருந்தால் சிவப்புத் துணி கட்டிக்கொள்ளலாம் என்று நினைப்பு. லாரி வந்த பிறகு டேப் வைத்து அளந்தால், அணியத்தின் மூக்கிலிருந்து பின்பலகை வரை இருபத்து மூன்றரை அடி! டிரைவர் ஏற்ற மறுத்துவிட்டார். அவர் செய்தது நியாயம். வந்து போன செலவுக்கு 3,000 ரூபாய் கொடுத்து அனுப்பினோம்.

இன்று அந்த நினைப்பே ஆபத்து. 2019 செப்டம்பர் 1 முதல் நடப்புக்கு வந்த மோட்டார் வாகனச் சட்டத் திருத்தத்தின்படி, அனுமதித்த அளவுக்கு மேல் சரக்கு நீட்டிக்கொண்டிருந்தால் 20,000 ரூபாய் அபராதம். இறக்கி வைக்கும் செலவும் நம் தலையில்தான்.

மறுபடி 24 அடி பாடி உள்ள லாரி பிடிக்க ஐந்து நாட்கள் ஆயின. வாடகை 16,000 ரூபாய். கரையிலிருந்து ரோடு வரை டிராக்டர், ஏற்ற ஆள்கூலி, வேதாரண்யம் பக்கம் ரோட்டிலிருந்து மணலைத் தாண்டி மறுபடி டிராக்டர், ஆள்கூலி என்று இரண்டு முனையிலும் சேர்த்து 5,500 ரூபாய். இந்த இரு முனைச் செலவை எங்களில் ஒருவருமே நினைத்துப் பார்த்திருக்கவில்லை.

ஏற்றும்போது நண்பர் பழைய டயர்களும் மணல் மூட்டைகளும் கேட்டார். நாங்கள், "அண்ணே, நேரமாகுது, கட்டைமேல வச்சுக் கட்டிடலாம்" என்று அவசரப்படுத்தினோம். மரக் கட்டைமேல் வைத்து, கயிற்றை முறுக்கி இறுக்கினார்கள். தொண்டியைத் தாண்டி ஒரு வேகத்தடையில் லாரி தூக்கிப் போட்டது. ஊர் வந்து இறக்கிப் பார்த்தால், படகின் முதுகெலும்பான ஏராவை ஒட்டி இரண்டடி நீளத்துக்கு விரிசல்.

அன்று நண்பர் எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. விரிசலைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டார். அவசரம் எங்களுடையது என்பதால், விரிசலைச் சரி செய்த 7,000 ரூபாயை எங்கள் கணக்கிலேயே எழுதினோம். அதை அவரது பங்கில் ஏற்றியிருந்தால், பல ஆண்டுப் பழக்கம் அன்றோடு முடிந்திருக்கும். நியாயமும் அல்ல.

சரியான முறை இதுதான். எஞ்சினைக் கழற்றி, எரிபொருளை வடித்து, தனியாகக் கட்ட வேண்டும். படகின் அடியில் குறைந்தது மூன்று இடங்களில் டயரோ மணல் மூட்டையோ கொடுத்து, எடை ஒரே இடத்தில் விழாமல் பரப்ப வேண்டும். கயிறு படும் விளிம்பில் சாக்கு மடித்து வைக்க வேண்டும். வடிகால் துளையின் அடைப்பைக் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் வழியில் பெய்யும் மழை படகுக்குள் தேங்கிப் பாரமாகும். முதல் 30 கிலோமீட்டரில் ஒருமுறை நிறுத்திக் கயிற்றைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. லாரிச் சீட்டில் சரக்கின் மதிப்பை எழுதி வாங்குங்கள். மதிப்பு எழுதாத சரக்கு சேதமானால், 2007-ஆம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டப்படி ஏற்றிச் செல்பவரின் பொறுப்பு ஒரு வரம்போடு நின்றுவிடும். எங்கள் சீட்டில் 'படகு – 1' என்று மட்டும் இருந்தது.

கணக்கு சொன்ன பாடம்

படகின் விலை 1,35,000. லாரி வாடகை 16,000. திரும்பிப் போன லாரிக்கு 3,000. இரு முனை டிராக்டர், ஆள்கூலி 5,500. விரிசல் வேலை 7,000. எஞ்சின் சீல், ரப்பர் சக்கரம் 6,000. போய்வந்த செலவு 4,500. ஆக மொத்தம் 1,77,000 ரூபாய்.

அதாவது விலைக்கு மேல் 42,000 ரூபாய். நூற்றுக்கு 31 ரூபாய். 25,000 ரூபாய் மிச்சம் என்று போன நாங்கள், பக்கத்து ஊர்ப் படகைவிட 17,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்திருக்கிறோம். பக்கத்து ஊர்ப் படகுக்கும் சில்லறைச் செலவு வந்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் லாரியும் விரிசலும் வந்திருக்காது. எல்லாவற்றுக்கும் மேலாக, பருவத்தின் நடுவில் மூன்று வாரம் நண்பர் கரையில் நின்றார். அந்த நஷ்டத்தை எந்தக் கணக்குப் புத்தகத்தில் எழுதுவது?

படகு இன்றும் கடலுக்குப் போகிறது. எங்கள் பங்கை அவர் முழுவதும் தீர்த்துவிட்டார். சரக்கும் வருகிறது. அந்த மட்டில் மனநிறைவே.

அன்பர்களே, படகு உங்களுக்குத் தேவைப்படாமல் இருக்கலாம். பழைய ஜெனரேட்டர், குளிர்பதனப் பெட்டி, மாவு அரைவை எந்திரம், எடைமேடை என்று ஏதாவது ஒன்றை வெளியூரில் மலிவாகப் பார்ப்பீர்கள். அச்சாரப் பணத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுக்குமுன், ஒரு டேப்பை எடுத்து நீங்களே அளந்து பாருங்கள். பிறகு ஒரு லாரிக்காரரிடம் பேசுங்கள். அது உங்கள் வாசலில் வந்து நிற்கும்போது என்ன விலை என்று எழுதிப் பாருங்கள். அதன்பிறகும் மலிவாகத் தெரிந்தால், தாராளமாக வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.