அலைகாட்டி: பழையதா, புதியதா?

காங்கேயத்தில் அரிசி ஆலைகளும் தேங்காய் எண்ணெய் ஆலைகளும் மிகுதி. அவற்றின் மின்பலகைகளைப் பார்த்து மின்னணுவியலில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "முதல் ஆஸிலாஸ்கோப் அனலாக்கா, டிஜிட்டலா?" சேமிப்பை விழுங்கும் கருவி என்பதால், விடையில் பொறுப்பு வேண்டும்.

ஜெர்மானிய இயற்பியலாளர் ஃபெர்டினாண்ட் பிரௌன் 1897-இல் உருவாக்கிய கேதோடு கதிர்க் குழாயின் வழிவந்தது அனலாக் வகை. மின்னழுத்தத்துக்கேற்ப எலெக்ட்ரான் கற்றை விலகி, திரையில் கோடாக ஒளிர்கிறது. மீண்டும் மீண்டும் வரும் அலையை உள்ளபடி காட்டும். ஒருமுறை தோன்றி மறைவதைப் பிடித்துவைப்பது சாதாரண அனலாக் கருவிக்கு இயலாது.

டிஜிட்டல் கருவியோ மின்னழுத்தத்தை நொடிக்குக் கோடிக்கணக்கான முறை அளந்து, எண்களாகச் சேமிக்கிறது. ரிலேயின் தொடுமுனை மூடும்போது சில மில்லி நொடிகள் துள்ளுவதை அனலாக்கில் பல நாள் தேடியும் நான் காணவில்லை. டிஜிட்டலில் ஒரே முயற்சியில் கண்டேன். ஆனால், அளக்கும் வேகம் அலையின் உச்ச அதிர்வெண்ணைப்போல் இரு மடங்குக்கு மேல் இல்லாவிட்டால், இல்லாத அலையைக் காட்டி அது ஏமாற்றும். நடைமுறையில் ஐந்து மடங்காவது தேவை.

எனவே, ஒன்றே வாங்க இயலுமெனில் டிஜிட்டலே தக்கது. பழைய அனலாக் மலிவாகக் கிடைத்தால் கற்க நல்லது. ஆனால், அதன் மூடியைத் திறக்கலாகாது. அணைத்த பின்னும் உள்ளே உயர் மின்னழுத்தம் தங்கியிருக்கலாம்.

எதை வாங்கினாலும் ஓர் எச்சரிக்கை: மேசைக் கருவிகளில் புரோபின் தரைக் கவ்வி பொதுவாகப் புவி இணைப்போடு சேர்ந்தது. 230 வோல்ட் ஃபேஸ் கம்பியில் அதை மாட்டினால் குறுக்குச்சுற்று நேரும், உயிருக்கும் ஆபத்து. கருவியைத் தேர்வதற்கு முன் கற்க வேண்டிய பாடம் அதுவே.