பூக்கும் பருவத்தில் வேர்பெயர்த்தல்: கஞ்சாச் செடியின் உடலியலும் லக்கல காட்டும் பாடமும்

மாத்தளை மாவட்டத்தின் கிழக்குப் புறத்தே, நக்கிள்ஸ் மலைத்தொடரின் சாரலில் அமைந்துள்ளது லக்கல பிரதேசம். படிக்கட்டு வயல்களும் சேனை நிலங்களும், மிளகும் கமுகும் பலாவும் செறிந்த வீட்டுத்தோட்டங்களும் இப்பகுதி வாழ்வின் அடித்தளமாய் இருந்து வந்தன. அம்பன் கங்கையோடு சேரும் களுகங்கை இவ்வழியே பாய்கிறது. 2018ஆம் ஆண்டு களுகங்கை நீர்த்தேக்கத்தில் நீர் நிரப்பப்பட்டபோது பழைய லக்கல நகர் நீருள் அமிழ்ந்தது. அதே ஆண்டில் புதிய நகரொன்று மக்களிடம் கையளிக்கப்பட்டது. ஏறத்தாழ 25 கோடி கனமீற்றர் நீரைத் தேக்கவல்ல இத்திட்டம் மொரகஹகந்த நீர்த்தேக்கத்தோடு இணைந்து வரண்ட வலயத்து வயல்களுக்கு நீர் வழங்குகிறது. அதன் பயனை எவரும் மறுக்கவியலாது. எனினும் இத்தகைய இடமாற்றங்களை நோக்கும்போது எழும் கேள்வியொன்று உண்டு. ஓர் உயிரை அதன் மண்ணிலிருந்து பெயர்த்து வேறிடத்தில் ஊன்றுவதற்கு ஏற்ற காலம் எது? எங்கே வைப்பது என்று திட்டமிடுவோர் பலர். எப்போது பெயர்ப்பது என்று எண்ணுவோர் சிலரே.

இக்கேள்விக்கு முதலில் தாவரவியல் தரும் விடையை நாம் நோக்குவோம். அதற்கெனக் கஞ்சாச் செடியைச் சான்றாக எடுத்துக்கொள்கிறோம். இத்தெரிவுக்குக் காரணங்கள் இரண்டு. முதலாவது, இச்செடியின் பூத்தலைப் பற்றி அறிவியல் நூறாண்டுக்கு மேலாக ஆராய்ந்துள்ளது. இரண்டாவது, இதன் பெண்பூங்கொத்தே பயன்படும் பகுதியாதலின், பூக்கும் பருவத்தில் நேரும் இழப்பு வேறெங்கும் மறைந்துகொள்ள இடமின்றி வெளிப்படுகிறது. இலங்கையில் இச்செடியைப் பயிரிடுதல் 1929ஆம் ஆண்டின் நஞ்சு, அபின், அபாயகர ஒளடதங்கள் கட்டளைச் சட்டத்தின் கீழ்க் குற்றமாகும். மறுபுறம் மதன மோதகம் முதலிய ஆயுர்வேத மருந்துகளில் இதன் இடம் பழமையானது. இச்செடியின் நன்மை தீமை பற்றிய விவாதத்தில் நாம் இங்கு இறங்கவில்லை. ஓர் உயிரியல் விதியை விளக்கும் சான்றாகவே இதனை ஆள்கிறோம்.

உழவர் அறிந்த விதி

பெயர்த்து நடுதல் நம் உழவருக்குப் புதிதன்று. நெல்வேளாண்மையில் நாற்றின் வயதுக்கு வழக்கிலுள்ள கணக்கு ஒன்றுண்டு. பயிரின் வாழ்நாள் எத்தனை மாதமோ, நாற்று அத்தனை வாரம் நாற்றங்காலில் நிற்கலாம் என்பதே அது. மூன்றுமாதப் பயிராயின் நாற்றின் வயது மூன்று வாரம். நாள் கடந்த நாற்றை நட்டால் அது தூர்கட்டாது, கதிர் சிறுக்கும். மாத்தளைத் தோட்டங்களில் மிளகுக்கொடியின் துண்டங்களைப் பைகளில் வேர்பிடிக்கச் செய்து, மழை தொடங்கும் வேளையிலேயே தாங்குமரத்தடியில் ஊன்றுவர். பூக்கதிர் தொங்கும் கொடியைப் பெயர்க்க எவரும் துணியார். இளமையிற் பெயர், பூவிற் பெயராதே என்பது இவ்வழக்கங்களின் சாரம். இதன் காரணத்தை அறிவியல் பின்னரே கண்டறிந்தது.

பகலின் நீளமும் பூவின் தொடக்கமும்

செடியொன்று எப்போது பூக்க வேண்டுமென்பதை எவ்வாறு அறிகிறது? பிரான்சிய அறிஞர் சூலியன் தூர்னுவா 1912இல் கஞ்சா இனச் செடிகளையும் ஒப் கொடியையும் ஆராய்ந்து, குறுகிய பகற்பொழுது அவற்றின் பூத்தலை விரைவுபடுத்துவதைக் கண்டார். முதலாம் உலகப்போரில் அவர் இளமையிலேயே மாண்டதால் அவ்வாய்வு தொடரவில்லை. 1920இல் அமெரிக்க அறிஞர்களான கானர், அலாட் ஆகிய இருவர் புகையிலையையும் சோயாவையும் ஆராய்ந்து ஒளிக்கால விதியைப் பொதுவிதியாக நிறுவினர். இதன்படி கஞ்சா ஒரு குறும்பகற் செடி. இரவு நீளும்போது அது பூக்கத் தொடங்குகிறது.

வடபுலத்து நாடுகளில் கோடைக்கும் குளிர்காலத்துக்கும் இடையே பகலின் நீளம் பல மணி நேரம் வேறுபடுகிறது. நமது நாட்டின் நிலையோ வேறு. லக்கல நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ ஏழரைப் பாகையில் உள்ளது. இங்கு ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் இடையிலான வேறுபாடு ஒரு மணி நேரத்தைக்கூட எட்டாது. ஆகவே குறும்பகற் செடியொன்று இளம்பருவத்தைக் கடந்ததும், எம்மாதமாயினும், பூக்க முற்படும். இதன் விளைவு கருதத்தக்கது. விளக்கொளியில் வளர்ப்போர் பகலைச் செயற்கையாக நீட்டிச் செடியை மீண்டும் இலைவளர்ச்சிக்குத் திருப்பலாம். திறந்தவெளியில் நமது சூரியன் அத்தகைய இரண்டாம் வாய்ப்பைத் தருவதில்லை. கஞ்சா ஓராண்டுத் தாவரம். பூக்கத் தொடங்கிய பெண்செடி சில மாதங்களுக்குள் தன் வாழ்வையே முடித்துக்கொள்கிறது. அக்காலத்தில் இழந்த நாள்களை ஈடுசெய்ய அதற்குப் பின்னொரு காலம் இல்லை.

பூக்கும் செடியின் பொருளாதாரம்

வளரும் செடியில் இலைகள் ஆக்கும் மாச்சத்து இளந்தளிருக்கும் வேர்நுனிக்கும் பகிரப்படுகிறது. வேர் வளர்ந்தால் நீர் மிகும். நீர் மிகுந்தால் இலை பெருகும். பூ அரும்பியதும் இப்பங்கீடு மாறுகிறது. பூவும் காயும் செடியின் உணவைப் பெரிதும் தம்பால் ஈர்த்துக்கொள்கின்றன. வேருக்குச் செல்லும் பங்கு குறைய, புதுவேர் தோன்றுதலும் குறைகிறது. செடி இதுவரை சேர்த்த வேர்முதலைக் கொண்டே மீதி வாழ்வை நடத்துகிறது. புதிய முதலீட்டுக்கு அதனிடம் மிச்சமில்லை.

பெயர்த்தலின்போது சேதமுறுவது இவ்வேர்முதலே. தடித்த வேர்கள் செடியைத் தாங்குவன. நீரை உறிஞ்சுவதோ பெரும்பாலும் நுண்வேர்களும் அவற்றின் மேற்புறத்து வேர்மயிர்களுமாகும். வேர்மயிர் ஒற்றைக் கலத்தின் நீட்சி; மண்துகளோடு ஒட்டி வாழ்வது. மண் அசைந்தால் அது அறுந்துவிடும். இயல்பிலேயே குறுகிய ஆயுள் கொண்ட இவ்வேர்மயிர்களைச் செடி ஓயாது புதுப்பித்துக்கொள்ள வேண்டும். இளஞ்செடி இழந்ததைச் சில நாள்களில் மீளப் பெறுகிறது. பூக்கும் செடிக்கு அது அரிது.

இலைப்பரப்போ பூக்கும் பருவத்திலேயே உச்சத்தில் நிற்கிறது. ஆவியுயிர்ப்பால் வெளியேறும் நீர் குறையவில்லை. வேரால் உள்வரும் நீர் குறைந்துவிட்டது. வாடும் செடியில் அப்சிசிக் அமிலம் என்னும் ஓமோன் பெருகி இலைவாய்களை மூடச் செய்கிறது. நீரிழப்பு இதனால் தணிகிறது. ஆனால் அவ்விலைவாய் வழியேதான் காபனீரொட்சைட்டும் உட்புக வேண்டும். வாயில் மூடினால் உணவாக்கமும் தடைப்படும். மிக அதிக உணவு தேவைப்படும் வேளையில் அடுப்பு அணைந்த நிலை இது. எதிலீன் மிகும்போது பல செடிகள் பூவையும் பிஞ்சையும் உதிர்த்துத் தம் செலவைச் சுருக்கிக்கொள்கின்றன.

கஞ்சாவில் மற்றொரு சிக்கலும் உண்டு. இது ஈரில்லத் தாவரம். ஆண்பூவும் பெண்பூவும் பொதுவாக வெவ்வேறு செடிகளில் தோன்றுவன. எனினும் இப்பால்நிலை இறுகிப்போன ஒன்றன்று. தில்லிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மோகன் ராம், செத் ஆகியோர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், எதிலீனின் செயலைத் தடுக்கும் வெள்ளிச் சேர்மங்களால் பெண்செடியில் வளமான ஆண்பூக்களைத் தோற்றுவிக்க இயலும் எனக் காட்டினர். செடியின் பால்நிலை ஓமோன் சமநிலையைச் சார்ந்தது என்பதற்கு இது தெளிவான சான்று. கடும் நெருக்கடிக்குள்ளான பெண்செடிகளில் ஆண்பூக்கள் தலைகாட்டுவதும் அறியப்பட்டதே. நெருக்கடி விளைச்சலின் அளவை மட்டுமன்றிச் செடியின் இயல்பையே மாற்றவல்லது என்பதை இது உணர்த்துகிறது.

சாடியில் வளரும் செடி

நிலத்துச் செடியைப் பூக்கும்போது பெயர்க்க எவரும் முனையார். சாடியில் வளரும் செடியிலேயே அவ்வெண்ணம் எழுகிறது. வேர்கள் சாடியின் சுவரைத் தொட்டு வளைந்து வளைந்து சுற்றிவிட்டன. காலையில் ஊற்றிய நீர் மாலைக்குள் வற்றுகிறது. பூக்கும் பருவத்தின் நீர்த்தேவை அக்குறையை முழுதாக வெளிக்காட்டுகிறது. பெரிய சாடிக்கு மாற்றினால் தீரும் என வளர்ப்போர் கருதுவர். ஆயின் இக்குறை இன்று தோன்றியதன்று. சில வாரங்களுக்கு முன், அரும்பு தோன்றுமுன், தீர்த்திருக்க வேண்டியது. மேலும் புதுமண் தன்னளவில் நன்மை செய்வதில்லை. வேர் அதனுள் நுழைந்த பின்னரே அது செடிக்குரியதாகும். பழைய மண்கட்டியும் புதுமண்ணும் தன்மையில் வேறுபட்டால் இரண்டின் எல்லையில் நீரோட்டமும் தடைப்படும். நனைந்த மண் சூழ்ந்திருக்கவே செடி வாடுவதுண்டு.

எச்செடியாயினும் பூக்கும் பருவத்தில் சாடியை மாற்றாது, அடிக்கடி சிறிதளவு நீர் விட்டும், மேல்மண்ணில் மக்கிய எருவிட்டும், நண்பகல் வெயிலுக்கு நிழலளித்தும் பருவத்தைக் கடத்துவதே தோட்டக்கலையின் பொதுநெறி. சாடி உடைந்தாலோ வேர் அழுகினாலோ மாற்றம் தவிர்க்கவியலாது. அப்போது மண்கட்டி கலையாமல், வேரைப் பிரித்தெடுக்காமல், மாலைவேளையில் மாற்றி நிழலில் வைத்தல் வேண்டும். இங்கே காக்கப்படுவது வேர் மட்டுமன்று. வேருக்கும் மண்ணுக்கும் இடையே காலம் நெய்த உறவுமாகும்.

லக்கலவுக்கு மீள்வோம்

மேற்கூறிய விதியை மனத்திற்கொண்டு லக்கலவின் வீட்டுத்தோட்டத்தை நோக்குவோம். மிளகு நட்டு மூன்றாம் ஆண்டளவில் காய்க்கத் தொடங்கி, முழுப்பயன் தர மேலும் சில ஆண்டு கொள்ளும். கராம்பும் சாதிக்காயும் முதற்பூ காண ஆறு முதல் எட்டாண்டு வரை செல்லும். பலாவும் தென்னையும் ஒரு தலைமுறை நட்டு மறுதலைமுறை உண்பவை. இவற்றுள் ஒன்றையும் வேரோடு எடுத்துச் செல்லவியலாது. இடம்பெயரும் குடும்பம் விதையையும் கொடித்துண்டத்தையுமே கொண்டு செல்கிறது. அதாவது, பூத்துநின்ற தோட்டத்தை விட்டு நாற்றங்காலுக்கு மீள்கிறது.

1950ஆம் ஆண்டின் காணி எடுத்தற் சட்டம் இழப்பீட்டைச் சந்தைப் பெறுமதியின் அடிப்படையில் அளவிடுகிறது. காணி அளக்கப்படுகிறது, மரம் எண்ணப்படுகிறது. மரம் காய்க்கும் வரையிலான காத்திருப்பு அக்கணக்கில் எளிதில் அடங்குவதில்லை. 2001இல் அமைச்சரவை ஏற்ற விருப்பின்றிய மீள்குடியேற்றம் பற்றிய தேசியக் கொள்கை, இடம்பெயர்க்கப்படுவோரின் வாழ்வாதாரம் மீளமைக்கப்பட வேண்டுமெனக் கூறுகிறது. மீளமைத்தல் என்பதன் பொருள் காலத்தையும் உள்ளடக்கியதா என்பதே நமது வினா. முப்பது வயதில் பெயர்பவர் புதிய பலாவின் கனியைக் காண்பார். அறுபது வயதில் பெயர்பவருக்கு அளிக்கப்படும் அதே பரப்பு நிலம் அதே ஈடாகுமா?

இவ்வினா லக்கலவுக்கு மட்டும் உரியதன்று. 1985இல் விக்டோரியா நீர்த்தேக்கம் திறக்கப்பட்டபோது தெல்தெனியாவின் பழைய நகர் நீருள் மறைந்தது. அதற்கு முன், 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் மலையகத் தமிழருள் 5,25,000 பேரையும் அவர்தம் இயற்கைப் பெருக்கத்தையும் இந்தியாவுக்கு அனுப்ப வகைசெய்தது. அவ்வொப்பந்தம் தலைகளை எண்ணியது. இம்மண்ணில் அவர்கள் வேரூன்றியிருந்த தலைமுறைகளை எண்ணவில்லை. ஒன்று நீர்ப்பாசனத்தின் பொருட்டு நிகழ்ந்தது. மற்றது அரசியலின் பொருட்டு நிகழ்ந்தது. இரண்டையும் சமமென நாம் கூறவில்லை. வாழ்வின் எப்பருவத்தில் பெயர்க்கப்படுகிறார்கள் என்பது இரண்டிலும் கேட்கப்படாத கேள்வி என்பதையே சுட்டுகிறோம்.

மனிதர் செடியல்லர் என்பதையும் இங்கு வற்புறுத்த வேண்டும். உவமையை எல்லை கடந்து நீட்டுதல் ஆய்வுக்குத் தகாது. மனிதர் நடந்து செல்வர். புதிய தொழில் கற்பர். புதிய உறவைப் படைப்பர். அனைத்துக்கும் மேலாக, செடியை நோக்கி, நீ எப்போது பெயர விரும்புகிறாய் எனக் கேட்கவியலாது, மனிதரைக் கேட்கலாம். கேட்க முடியாத செடிக்கே உழவன் பருவம் பார்க்கிறான். கேட்கக்கூடிய மனிதருக்குப் பருவம் பாராது நாள் குறிப்பதை அறியாமை என்று மட்டும் சொல்லி விட்டுவிட முடியாது.

ஆகவே திட்டங்களை வகுப்போர் முன் நாம் வைப்பன மூன்று. பெரும்போக, சிறுபோக அறுவடைகள் முடிந்த இடைவெளியிலேயே இடமாற்றம் நிகழ்தல் வேண்டும். புதிய இடத்தில் நீண்டகாலப் பயிர்களை, மக்கள் குடிபெயர்வதற்குச் சில ஆண்டுகள் முன்னரே, அம்மக்களைக் கொண்டே நட்டு வளர்க்க வகைசெய்தல் வேண்டும். மரத்தின் விலையோடு, மறுமரம் காய்க்கும் வரையிலான ஆண்டுகளின் வருவாயும் இழப்பீட்டில் சேர்தல் வேண்டும். இவை பெருஞ்செலவை வேண்டுவன அல்ல. முன்கூட்டிய சிந்தனையையே வேண்டுவன. அணையின் உயரத்தைக் கணிக்க ஆண்டுக்கணக்கில் உழைக்கும் அறிவியல், அதன் அடியில் அமிழும் தோட்டத்தின் பருவத்தைக் கணிக்கவும் கடமைப்பட்டுள்ளது.