சுற்றிப் போனால் நஷ்டமா?

கார்த்திகை தீபத்தின்போது திருவண்ணாமலையைக் கடந்து செல்லும் வாகனங்களை மாற்றுப் பாதையில் திருப்பி விடுவார்கள். வீண் சுற்றா? எக்ஸெலில் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

செங்கம் பக்கமிருந்து திண்டிவனம் பக்கம் போக 600 வேன்கள் வருவதாக வைத்துக்கொள்வோம். சுற்றுப்பாதையில் எப்போதும் 30 நிமிடம். ஊருக்குள் போகும் வேன்களின் எண்ணிக்கையை 20-ஆல் வகுத்தால் ஊர்ப்பாதைக்கான நிமிடம். அது 30-ஐத் தாண்டாது என்பதால் எல்லோரும் ஊருக்குள்தான் நுழைவார்கள். எல்லோருக்கும் 30 நிமிடம்!

பாதி வேன்களைத் திருப்பினால் ஊருக்குள் 15 நிமிடம்தான்; சராசரி 22.5. சுற்றியவருக்கும் அதே 30, நஷ்டமில்லை. ஆனால் யாரும் தானாகச் சுற்றமாட்டார்கள். கேம் தியரியில் இப்படி யாரும் தானாக மாறாத நிலைக்கு ‘நாஷ் சமநிலை’ என்று பெயர். ஜான் நாஷ் 1950-ல் விளக்கியது. 1994-ல் நோபல் பரிசு பெற்றார்.

300-க்குப் பதில் வேறு எண்களை நீங்களும் போட்டுப் பாருங்கள். சராசரி இதைவிடக் குறையாது.