‘காத்தால பாத்துக்கலாமா, இப்பவே கிளம்பணுமா?’: ராத்திரி நேரத்தில் போனில் டாக்டர்

கருமத்தம்பட்டியிலும் பக்கத்துச் சோமனூரிலும் தறிக்குடோன்கள் நைட் ஷிஃப்ட்டிலும் ஓடும். கிளினிக்குகள் ஓடாது. இரவு 11 மணிக்குக் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டில் இரண்டு குரல் கேட்கும். ‘ஒண்ணும் ஆவாதுங்க, காத்தால பாத்துக்கலாம்’ என்பது ஒன்று. ‘வண்டிய எடுங்க, கோயமுத்தூர் போயிரலாம்’ என்பது இன்னொன்று. பைபாஸில் சுமார் 25 கிலோமீட்டர். போய்வந்தால் ராத்திரித் தூக்கம் போகும், மறுநாள் கூலியும் போகும். போகாமல் விட்டால் விடிய விடியப் பயம்.

இந்த இரண்டு குரலுக்கும் நடுவில்தான் டெலிமெடிசின் வருகிறது. பலர் இதை ‘ஆன்லைனில் மருந்துச் சீட்டு வாங்கும் வழி’ என்றே நினைக்கிறார்கள். ராத்திரியில் அதனால் கிடைக்கும் பெரிய உதவி வேறு. இது காலை வரை காத்திருக்கலாமா, கூடாதா என்று படித்த ஒருவர் சொல்வது. மாத்திரை அதற்கு அப்புறம்தான்.

யாரைக் கூப்பிடலாம்?

முதல் வழி 104. தமிழ்நாடு அரசின் மருத்துவ ஆலோசனை எண் இது. 2013 இறுதியில் தொடங்கப்பட்டு 24 மணி நேரமும் இயங்குகிறது. ஆப் வேண்டாம், இன்டர்நெட் வேண்டாம். பட்டன் போனில் இருந்தும் தமிழில் பேசலாம்.

இரண்டாவது, மத்திய அரசின் இ-சஞ்சீவனி. சி-டாக் நிறுவனத்தின் மொஹாலி மையம் உருவாக்கியது. முதல் ஊரடங்கு சமயத்தில், 2020 ஏப்ரல் 13-ல், வீட்டிலிருந்தே டாக்டரைப் பார்க்கும் சேவையாக வந்தது. முதல் சில மாதங்களில் அதை அதிகம் பயன்படுத்திய மாநிலங்களில் தமிழ்நாடு முன்னணியில் இருந்தது. மொபைல் எண், ஓடிபி கொடுத்துப் பதிவு செய்தால் வரிசையில் சேர்ந்து டாக்டரை வீடியோவில் பார்க்கலாம். கட்டணம் இல்லை. மருந்துச் சீட்டும் போனுக்கே வரும். ஆனால் ஓபிடி நேரம் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆப்பிலேயே காட்டும். நடுராத்திரியில் டாக்டர் காத்திருப்பார் என்று நம்பி உட்கார வேண்டாம். சாயங்காலமே தொண்டை வலி ஆரம்பித்துவிட்டதா? அப்போதே பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாவது, ப்ராக்டோ, அப்போலோ 24/7 போன்ற தனியார் ஆப்கள். இவற்றுக்குக் கட்டணம் உண்டு. ராத்திரியிலும் டாக்டர் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

மனசு சரியில்லாமல் தூக்கம் வராத ராத்திரிகளுக்குத் தனி எண் இருக்கிறது: டெலி-மானஸ், 14416. 2022 அக்டோபர் 10 முதல் 24 மணி நேரமும் இயங்குகிறது. பல இந்திய மொழிகளில் பேசலாம் என்பதால், குடோனில் கூட வேலை பார்க்கும் ஒடிசா, பீகார் நண்பருக்கும் இந்த எண்ணைக் கொடுக்கலாம்.

போனில் டாக்டர் என்ன எழுதலாம்?

இதற்கு விதி இருக்கிறது. 2020 மார்ச் 25-ல் வெளியான டெலிமெடிசின் நடைமுறை வழிகாட்டுதல்கள் மருந்துகளைப் பிரித்து வைத்திருக்கின்றன. முதல் தடவை பேசுகிறீர்கள், அதுவும் குரல் அழைப்பில் மட்டும் என்றால், பாராசிட்டமால், ஓஆர்எஸ் மாதிரி சீட்டு இல்லாமலே கிடைக்கும் மருந்துகளைத்தான் சொல்ல முடியும். வீடியோவில் உங்களைப் பார்த்தால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக எழுதலாம். ஷெட்யூல் எக்ஸ் மருந்துகளும் போதைப்பொருள் சட்டத்துக்குள் வரும் மருந்துகளும் வழிகாட்டுதலின் தடைப் பட்டியலில் இருக்கின்றன. ஆகவே ‘டாக்டர் ஒண்ணுமே எழுதித் தரலை’ என்று ஒரு ஸ்டார் ரேட்டிங் போடுவதற்கு முன் கொஞ்சம் யோசிக்கலாம். அவர் விதிப்படி நடந்திருக்கலாம்.

அதே வழிகாட்டுதல் இன்னொன்றும் சொல்கிறது: செயற்கை நுண்ணறிவுத் தளங்கள் நோயாளிக்கு ஆலோசனை சொல்லவோ மருந்து எழுதவோ கூடாது. டாக்டருக்கு உதவலாம், அவ்வளவுதான். ராத்திரி 2 மணிக்கு சாட்பாட்டிடம் நெஞ்சு வலிக்கு விளக்கம் கேட்கும் தலைமுறைக்கு இது தெரிந்திருக்க வேண்டும். எதிரில் பேசுபவர் பதிவு பெற்ற டாக்டர்தானா என்று கேட்கவும் உங்களுக்கு உரிமை உண்டு. மருந்துச் சீட்டில் பதிவு எண் இருக்க வேண்டும்.

நெஞ்சு வலி என்றதும் நம் வீடுகளில் முதலில் வரும் வார்த்தை ‘கேஸ்’. சோடா குடித்துப் பார்ப்பது, பெருங்காயம் கரைத்துக் கொடுப்பது, அப்படியே ஒரு மணி நேரம் போய்விடும். நெஞ்சை அழுத்துகிற மாதிரி வலி, அது கைக்கோ தாடைக்கோ பரவுவது, கூடவே வியர்த்துக் கொட்டுவது என்றால் எந்த ஆப்பையும் திறக்க வேண்டாம். நேராக 108. வாய் ஒரு பக்கம் கோணுவது, பேச்சு குழறுவது, மூச்சுத் திணறல், வலிப்பு, பாம்புக் கடி, நிற்காத ரத்தப்போக்கு எல்லாம் இதே கணக்குத்தான். பக்கவாதத்தில் ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். வீடியோ வரிசையில் நிற்க அதில் நேரம் கிடையாது.

காய்ச்சலில் ஒரு விஷயம் ஏமாற்றும். டெங்குவில் ஆபத்தான கட்டம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்கும்போதுதான் வரும். காய்ச்சல் விட்டுவிட்டது, ஆனால் கடுமையான வயிற்று வலி, விடாத வாந்தி, ஈறில் ரத்தம், குழந்தை துவண்டு கிடப்பது என்றால் காலை வரை காத்திருக்கக் கூடாது. டெங்கு சந்தேகம் இருக்கும்போது மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடுவதும் வேண்டாம். ஐபுப்ரோஃபென், ஆஸ்பிரின் போன்றவை ரத்தக் கசிவை அதிகமாக்கும்.

குழந்தைக்குச் சளி என்று வீட்டில் மிச்சமிருக்கும் சிரப்பை ஊற்றுவதும் இப்படித்தான். மத்தியப் பிரதேசத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் இறந்ததைத் தொடர்ந்து, 2025 அக்டோபர் 3-ல் மத்திய அரசு ஓர் அறிவுறுத்தல் வெளியிட்டது. 2 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்து கூடாது. 5 வயதுக்குக் கீழ் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சொன்ன சிரப் பெயரைவிட, 104-க்கு ஒரு போன் மேல்.

கூப்பிடுவதற்கு முன்

தெர்மாமீட்டர் வைத்துப் பாருங்கள். ‘உடம்பு நெம்பச் சுடுதுங்க’ என்பதை வைத்து டாக்டர் எதுவும் முடிவு செய்ய முடியாது. 102 டிகிரி, மாலையில் இருந்து இரண்டு தடவை வாந்தி, கடைசியாக ஒன்பது மணிக்கு யூரின் போனது என்றால் முடியும். குழந்தையின் எடை தெரிந்திருக்கட்டும், மருந்தின் அளவே எடையை வைத்துத்தான். 16 வயதுக்குட்பட்டவர்கள் என்றால் பெரியவர் ஒருவர் கூடவே இருந்து பேச வேண்டும். பெரியவர்களுக்கு சுகர், பிரஷர் மாத்திரை ஓடுகிறதா, எந்த மருந்தாவது அலர்ஜியா, பெண்கள் கர்ப்பமா என்பதை டாக்டர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். மாத்திரை அட்டைகள் கையில் இருக்கட்டும். தடிப்பு, புண் என்றால் டியூப் லைட்டுக்கு அடியில் காட்டுங்கள். குடோனில் இருந்து பேசுபவர்கள் வெளியே வந்து பேசுவது நல்லது. தறிச் சத்தத்தில் ‘பதினைந்து’ ஐந்தாகக் கேட்கும்.

போனை வைப்பதற்கு முன் ஒரு கேள்வியை மறக்காமல் கேளுங்கள்: ‘எது வந்தா நான் காத்தால வரைக்கும் காத்திருக்கக் கூடாதுங்க?’ டாக்டர் சொல்லும் பதிலை எழுதி வைத்து, முழித்திருக்கப் போகிறவரிடம் கொடுத்துவிடுங்கள்.