நாயும் பூனையும் வளர்ப்போர் கடன்

வாயில்லாப் பிராணிகளிடத்து அன்பு பூணுதல் நம் முன்னோர் நமக்கு விட்டுச்சென்ற செல்வங்களுள் ஒன்றாகும். நன்கறிந்த பாகனையே கொல்லும் யானையைவிட, வளர்த்தவன் எறிந்த வேல் உடம்பில் நிற்கவும் வாலைக் குழைக்கும் நாயை மேலாகக் கொண்டு நட்பின் இலக்கணம் கூறுகின்றது நாலடியார். தன்னைத் தொடர்ந்து வந்த நாயைக் கைவிட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவர் தருமபுத்திரர். நம்மூர் வைரவர் கோயில்களிலே நாய் வாகனமாய் நிற்கின்றது. இத்துணைப் பெருமையும் இருந்தென்ன? அக்கோயில் வீதிகளிலேயே எலும்புந் தோலுமாய்ச் சொறி பிடித்து அலையும் நாய்களையும் நாம் நாள்தோறும் காண்கிறோம். நம்மிடத்து அன்பு இல்லை என்று கூறுதல் தவறு. அன்போடு சேரவேண்டிய அறிவு சேராமையே குறை. அறிவு சேராத அன்பு வளர்க்கப்படும் பிராணிக்குக் கேடு; சில வேளைகளில் வளர்ப்பவனுக்கும் கேடு.

யான் கீழ்வகுப்பிற் பயின்ற காலத்து நிகழ்ந்த ஒன்றை ஈண்டுக் கூறுதல் பொருந்தும். என்னோடு ஒரே ஒழுங்கையால் பள்ளிக்கு வரும் சிறுவன் ஒருவன், சந்தைப் பக்கத்தில் எவரோ விட்டுச்சென்ற நாய்க்குட்டியொன்றைச் சட்டைக்குள் மறைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தான். மாட்டுக்கொட்டிலின் மூலையிலே சாக்கு விரித்துத் தன் பங்குப் பாலை அதற்கு ஊட்டினான். மூன்றாம் நாள் அக்குட்டி அவன் பெருவிரலைக் கவ்வியது. காயம் ஊசி குத்திய அளவே. ஏச்சுக்கு அஞ்சி அவன் வீட்டாருக்குச் சொல்லவில்லை. எனக்கு மட்டும் காட்டி, எவருக்கும் சொல்லாதே என்று கேட்டுக்கொண்டான். யானும் சொல்லவில்லை. குட்டி சில நாளில் இறந்தது. வேலியோரத்தில் இருவருமாகப் புதைத்தோம். இரண்டு மாதம் கழிந்து, தண்ணீர்ச் செம்பைக் கண்டு நடுங்கிய நிலையில் அவனை வைத்தியசாலைக்குக் கொண்டுசென்றனர். அப்பொழுது வைத்தியர் செய்வதற்கு ஒன்றும் எஞ்சியிருக்கவில்லை. வகுப்பில் அவன் இருக்கை அவ்வாண்டு முழுவதும் வெறுமையாகவே கிடந்தது.

அவனைக் கொன்றது விசர்நாய்க்கடி நோய். இந்நோயின் வைரசு, நோயுற்ற விலங்கின் உமிழ்நீரில் இருந்து, கடித்த காயத்தின் வழியாகவோ கீறிய தோலின் வழியாகவோ உடம்பிற் புகுகின்றது. புகுந்து, நரம்பின் வழியே மெல்ல மெல்ல மூளையை நோக்கிச் செல்கின்றது. அப்பயணத்துக்குப் பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் வரை செல்லும். அவ்விடைக்காலமே நமக்குக் கிடைத்த தவணை. மூளையை அடைந்து குறிகள் தோன்றியபின் பிழைத்தவர் மிக அரியர். தவணைக்குள் தடுப்பு மருந்து ஏற்றப்படின் உயிர் தப்பும். இதனை 1885ஆம் ஆண்டு ஆடி மாதம் 6ஆம் திகதி, விசர்நாய் கடித்த ஒன்பது வயதுச் சிறுவன் யோசேப்பு மைசிற்றருக்கு மருந்தேற்றி உலகுக்குக் காட்டியவர் பிரான்சிய அறிஞர் லூயி பாஸ்ரர்.

ஆகவே நாயோ பூனையோ கடித்தால், கீறினால், உடனே சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் பதினைந்து நிமிடம் காயத்தைக் கழுவுதல் வேண்டும். சுண்ணாம்பு, கோப்பித்தூள், மிளகாய்த்தூள் முதலியன பூசுதல் ஆகாது. கழுவியபின் தாமதியாது அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. அங்கு இம்மருந்து இலவசமாக ஏற்றப்படுகின்றது. கடித்த பிராணியை அடித்துக் கொல்லாது, கூடுமாயின் கட்டிவைத்து இரண்டு வாரமளவும் கவனித்தல் நன்று. ஆனால் அதன் முடிவு தெரியட்டும் என்று வைத்தியரிடம் செல்வதைப் பிற்போடலாகாது. குட்டிதானே, நம் வீட்டுப் பூனைதானே என்னும் எண்ணமே பகை. நோய்க்குக் குட்டியென்றும் நம் வீட்டதென்றும் வேறுபாடில்லை.

இலங்கையில் 1973ஆம் ஆண்டில் இந்நோயால் இறந்தோர் தொகை 377. அண்மைய ஆண்டுகளில் அது சில பத்துக்களாகக் குறைந்துள்ளது. நாய்களுக்குத் தடுப்பூசி ஏற்றியதும், கடிபட்டோர் வைத்தியசாலையை நாடியதுமே இக்குறைவுக்குத் தலையாய காரணங்கள். சுகாதாரப் பகுதியினர் காலத்துக்குக் காலம் ஊர்களில் நடத்தும் முகாம்களில் இவ்வூசி இலவசமாக ஏற்றப்படுகின்றது. நாய்க்கு மட்டுமன்றிப் பூனைக்கும் ஆண்டுதோறும் ஏற்றுவித்து, அட்டையைப் பத்திரப்படுத்துக. நாய்க்குட்டிகளை வாட்டும் வேறு இரு கொடிய நோய்கள் டிஸ்டெம்பரும், குருதிக் கழிச்சலை உண்டாக்கும் பார்வோவும் ஆம். இவற்றுக்குரிய ஊசிகளைக் குட்டியின் ஆறு முதல் எட்டு வார வயதிலே தொடங்கி, மிருக வைத்தியர் குறிக்கும் இடைவெளியில் முடித்தல் வேண்டும். குடற்புழு மருந்தும் அவ்வாறே. நாயின் புழுக்கள் மண்வழியாக நம் பிள்ளைகளையும் பற்றுமாதலின், முற்றத்து மலத்தை அன்றன்றே அகற்றுதல் இரு சாராருக்கும் நலம்.

இனி உணவு. மிஞ்சிய சோற்றைக் குழம்போடு பிசைந்து வைத்தலே நம் வீடுகளின் வழக்கம். சோறு நாய்க்குத் தீங்கன்று, குழம்பே தீங்கு. அதிலுள்ள வெங்காயமும் உள்ளியும் நாய், பூனை இரண்டின் குருதியிலும் செந்நிற அணுக்களைச் சிதைக்கும். பூனை இன்னும் எளிதிற் பாதிக்கப்படும். ஆதலின் உறைப்பும் உப்பும் சேர்க்குமுன் ஒரு பங்கு மீனையோ இறைச்சியையோ வேறாக அவித்து, முள்ளும் எலும்பும் நீக்கிச் சோற்றுடன் பிசைந்து கொடுக்க. சமைத்த கோழியெலும்பு கூராய் உடைந்து குடலைக் கிழிக்கும். சொக்கலேற்றும் முந்திரிகைப்பழமும் நாய்க்கு நஞ்சு. பூனையோ இயல்பிலே ஊனுண்ணி. அதன் கண்ணுக்கும் இதயத்துக்கும் வேண்டிய தோரின் என்னும் சத்து ஊனிலும் மீனிலுமே உண்டு. ஆகவே சோறும் பாலும் மட்டும் வைத்துப் பூனையை வளர்த்தல் அதனைப் பையப் பையப் பட்டினியிடுதலாகும். நாய்க்குப் பாதங்களிலன்றி வேறெங்கும் வியர்வை பெரிதாக வாராது. நாவை நீட்டி இளைத்தே வெப்பத்தைத் தணிக்கின்றது. பங்குனி, சித்திரை வெயிலிலே நிழலின்றி, நீரின்றிச் சங்கிலியிற் கட்டப்பட்ட நாய் ஒரு பகலுக்குள் இறத்தலும் கூடும்.

மருந்திலும் நம்மவர் தவறுவதுண்டு. காய்ச்சலென்று எண்ணிப் பூனைக்குப் பரசிற்றமோல் கொடுப்போர் அதனை அறியாமலே கொல்கின்றனர். ஒரு வில்லையே போதும். சொறிக்கு மோட்டார் வண்டியின் கழிவெண்ணெய் பூசுதல் தோலைப் பொசுக்குவதோடு, நக்கும் வழியே வயிற்றிலும் புகும். நாயின் உண்ணிக்கென விற்கப்படும் சில மருந்துகளிலுள்ள பெர்மெத்திரின் பூனைக்கு உயிர்க்கேடு. உண்ணியால் வரும் காய்ச்சலோ குருதியைக் குறைத்து நாயை வீழ்த்தும். முரசு வெளிறி, உணவை மறுத்துக் கிடக்கும் நாயை மறுநாள் பார்ப்போம் என்னாது மிருக வைத்தியரிடம் கொண்டுசெல்க.

இவையனைத்தினும் நாம் பேசத் தயங்குவது ஒன்றுண்டு. கடுவன் குட்டியை வைத்துக்கொண்டு, பெட்டைக் குட்டிகளைச் சாக்கிற் கட்டிச் சந்தையிலோ கோயில் வீதியிலோ விட்டுவருதலே அது. பெட்டை நாய் ஏறக்குறைய 63 நாள் சுமந்து ஈனும். ஈனும்தோறும் பல குட்டிகள். விடப்பட்டவை பசியாலும் வண்டியாலும் இறந்தவை போக, எஞ்சியவை தடுப்பூசியின்றி வளர்ந்து நோய்க்கு இடமாகின்றன. என் தோழன் சட்டைக்குள் மறைத்து வந்த குட்டியும் அவ்வாறு எவரோ விட்டதே. கருத்தடைச் சத்திரசிகிச்சை இன்று எளிது. ஒருமுறை செய்தாற் போதும். விடுதலினும் அது பாவமன்றோ என வினவுவோர், கோயில் வீதியிலே ஒரு மாலைப்பொழுது நின்று பார்ப்பாராக.

கல்லூரியின் இளம் மாணவர்களுக்கு ஒரு சொல். வீதிக் குட்டியின்பால் நெஞ்சு இரங்குவது நல்ல குணம், அதனை இழந்துவிடாதீர்கள். ஆனால் கடிபட்டால் பெற்றோருக்கோ ஆசிரியருக்கோ அன்றே சொல்லுங்கள். ஆசிரியர்களும் பெற்றோரும் அவ்வாறு சொல்ல வரும் பிள்ளையை ஏசாதிருப்பார்களாக. உங்கள் தோழன் ஒருவன் சிறு காயத்தைக் காட்டி, எவருக்கும் சொல்லாதே என்று கேட்டால், அவன் கோபித்தாலும் சொல்லிவிடுங்கள். யான் அன்று செய்யத் தவறியது அதுவே.