பன்றி உறுப்பும் ரெட்ரோ வைரசும்: பன்றி வளர்ப்போர் அறிய வேண்டியவை

பன்றியின் சிறுநீரகத்தையும் இருதயத்தையும் மனிதருக்குப் பொருத்தும் செய்திகளைப் படிக்கும் அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரப் பன்றி வளர்ப்போருக்கு இரண்டு ஐயங்கள் எழலாம். நம் பன்றிக்கும் அந்த விலை கிடைக்குமா? பன்றியின் வைரஸ் நம்மைத் தாக்குமா?

இம்முயற்சி நம் நாட்டுக்குப் புதிதன்று. 1997 ஜனவரியில் அஸ்ஸாமில் ஒருவருக்குப் பன்றி இருதயம் பொருத்தப்பட்டது. ஒரு வாரத்தில் அவர் இறந்தார். உறுப்பு மாற்றுச் சட்டப்படி மருத்துவர் கைதானார்.

ரெட்ரோ வைரஸ் வெளியிலிருந்து தொற்றும் நோயன்று. பன்றியின் மரபணுவிலேயே அது கலந்துள்ளது. விதையின் குணம் பயிருக்கு வருவதுபோல், தாய் தந்தையிடமிருந்து குட்டிக்கு வருகிறது. எனவே தடுப்பூசியாலோ கொட்டிலைக் கழுவுவதாலோ நீங்காது. 1997இல் ஆய்வுக்கூடத்தில் இது மனித உயிரணுவைத் தொற்றியது. ஆனால் பன்றித் திசுச் சிகிச்சை பெற்ற 160 பேரைச் சோதித்து 1999இல் வெளியான ஆய்வில், ஒருவருக்கும் இத்தொற்று காணப்படவில்லை.

எய்ட்ஸ் வைரசும் ரெட்ரோ வைரஸ் இனமே. அந்நோய்க்குத் தரப்படும் ஏ.இசட்.டி. மருந்து, வைரஸ் தன்னை மரபணுவாக நகலெடுக்க உதவும் நொதியைத் தடுக்கிறது. ஆய்வுக்கூடத்தில் பன்றி வைரசையும் இது தடுத்தது. எனினும் எய்ட்ஸ் மருந்துகள் அனைத்தும் இதற்குப் பலிப்பதில்லை. மேலும், மருந்து புதிய தொற்றைத்தான் தடுக்கும். மரபணுவில் கலந்ததை அகற்றாது. ஆகவே விஞ்ஞானிகள் மரபணுவைத் திருத்தி, இவ்வைரஸ் செயலிழந்த குட்டிகளை 2017இல் உருவாக்கினர். 2024இல் அமெரிக்காவில் அத்தகைய பன்றியின் சிறுநீரகம் ஒருவருக்குப் பொருத்தப்பட்டது.

அப்பன்றிகள் கிருமி புகாத கட்டிடங்களில் வளர்பவை. நம் கொட்டிலில் வளரும் வெண்பன்றி அதற்கு உதவாது. மருத்துவமனை வாங்கும் என்று சொல்லி யாரேனும் முன்பணம் கேட்டால் தர வேண்டாம்.

பன்றியைப் பராமரிப்பதாலோ இறைச்சி உண்பதாலோ ரெட்ரோ வைரஸ் மனிதருக்குத் தொற்றியதாகத் தெரியவில்லை. கவனிக்க வேண்டியவை வேறு:

1. பன்றிக் காய்ச்சலுக்குத் தவறாமல் தடுப்பூசி போடவும்.

2. ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் 2020 முதல் இந்தியாவில் உள்ளது. இது மனிதரைத் தாக்காது, பன்றிகளை அழித்துவிடும். ஓட்டல் மிச்சத்தை அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஆறிய பின் கொடுக்கவும்.

3. கொசு மூலம் பன்றியிலிருந்து ஜப்பானிய மூளைக் காய்ச்சல் பரவும். கொட்டிலை வீட்டிலிருந்து தள்ளி அமைத்து, நீர் தேங்காமல் பார்க்கவும்.

பன்றிகள் திடீரென இறந்தால் விற்காமல், உடனே கால்நடை மருந்தகத்துக்குத் தெரிவிக்கவும்.