ஜீப்பின் முன் அச்சு: வணிகர்கள் கவனத்திற்கு

நம் ஐயம்பேட்டையிலிருந்து காஞ்சிபுரத்துக்குச் சேலைக் கட்டு ஏற்றிய பழைய மகிந்திரா ஜீப்பை நம்மில் சிலர் இன்னும் விற்காமல் வைத்திருக்கிறோம். 1940களின் பிற்பகுதியில் அந்நிறுவனம் இங்கே பூட்டி விற்கத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பின் வழியில் வந்த வண்டி அது.

ஸ்டியரிங் உதறினால் ஸ்டியரிங் பெட்டியை மாற்றச் சொல்வார்கள். அந்தச் செலவுக்கு முன், ஜாக்கி போட்டு, ஒருவர் பிரேக்கை மிதித்திருக்க, முன் சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து அசைத்துப் பாருங்கள். அப்போதும் ஆடினால், சக்கரம் திரும்பும் நக்கிளில் உள்ள கிங்பின் பேரிங் தேய்ந்திருக்கிறது. பக்கத்துக்கு இரண்டு, ஆக நான்கு. பேரிங்கை மாற்றிவிட்டு, பள்ளம் விழுந்த பழைய கப்பை விட்டுவைத்தால் பணம் வீண்.

இறுக்கம் ஷிம் தகட்டில் இருக்கிறது. எடுத்தால் இறுகும், சேர்த்தால் தளரும். சீல் பூட்டுமுன் ஸ்டியரிங் ஆர்மில் கொக்கித் தராசை மாட்டி இழுத்து, கம்பெனிக் கையேட்டில் உள்ள அளவுக்குக் கொண்டுவர வேண்டும். எடை பார்ப்பது நமக்குப் புதிதா என்ன!

அச்சு நுனியிலுள்ள இரும்பு உருண்டையில் துருக்குழி இருந்தால் புதுச் சீலும் சீக்கிரம் கிழியும். உள் சீல் போனாலோ, கியர் எண்ணெய் நக்கிளில் நிரம்பி பிரேக் லைனிங் வரை வந்துவிடும். நனைந்த லைனிங்கைத் துடைத்துப் போடச் சொல்லும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள். சரக்கோடு ஆளும் ஏறுகிற வண்டி.